பழைய கணனியும் ஊதிய கொள்ளளவியும்: மதர்போட்டை நீங்களே திருத்தலாமா?



செவன் கிங்ஸில் எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வருபவர்கள் வழக்கமாகக் கடிதங்களோடுதான் வருவார்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி பெரிய கறுப்புப் பை ஒன்றோடு வந்தார். உள்ளே ஒரு பழைய கணனி. பக்கத்து வீட்டு வயோதிபர் "எனக்கு வேண்டாம், நீ எடு" என்று கொடுத்தாராம். பொத்தானை அமத்தினால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. ஊரில் ரேடியோவும் ரிவியும் திருத்தியவர் என்றபடியால் மூடியைக் கழட்டிப் பார்த்திருக்கிறார். "அண்ணை, நாலு கப்பாசிற்றர் ஊதிப்போய்க் கிடக்கு. மாத்தினா வேலை செய்யும். ஆனா மாத்தலாமோ? இது எனக்குக் கேஸில பிரச்சினை தருமோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். தஞ்சம் கோரிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டது. வேலை செய்ய முடியாது. ஆங்கிலம் படிக்க, பிள்ளையின் பள்ளிப் பாடம் பார்க்க ஒரு கணனி இருந்தால் நல்லது. ஆனால் தாங்களே சமைத்துச் சாப்பிடுபவருக்கான உதவிப் பணம் 2024 ஜனவரியில் ஆளுக்கு வாரம் 49.18 பவுண் என்றுதான் நிர்ணயிக்கப்பட்டது. அதில் புதுக் கணனி வாங்குவது எப்படி?

திருத்துவது எங்களுக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள் நாங்கள். கை பழகியதுதான். ஆனால் இந்த நாட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எங்கே செய்யலாம், காசு வாங்கலாமா என்பதையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

முதலில் சின்னப் பிழைகளைப் பாருங்கள்

கணனி வேலை செய்யவில்லை என்றதும் மதர்போட்டைக் குறை சொல்லாதேங்கோ. பல நேரங்களில் பிழை வேறு எங்கோ இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

1. பிளக்கில் உள்ள பியூஸ். இங்குள்ள மூன்று முனைப் பிளக்கினுள் ஒரு சின்னப் பியூஸ் இருக்கும். அது போயிருந்தால், அதே அளவு அம்பியர் உள்ள பியூஸையே போடுங்கள்.

2. திரைக்குப் போகும் வயர். இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா? வேறு திரை ஒன்றில் மாட்டிப் பாருங்கள்.

3. நினைவகம், அதாவது றாம். மின்சாரத்தைக் கழட்டிவிட்டு, றாம் பட்டிகளை எடுத்துத் திரும்ப அழுத்தி மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

4. மதர்போட்டில் உள்ள காசு போன்ற வட்டப் பற்றறி. அது 3 வோல்ற்றுப் பற்றறி. அது இறங்கினால் கணனி நேரத்தை மறக்கும், சிலது ஸ்ராட் ஆகவும் அடம்பிடிக்கும். கடையில் மலிவாக வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிராபத்து.

5. பவர் சப்ளை. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறு பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

இவ்வளவும் சரி என்றால் மதர்போட்டைக் கவனமாகப் பாருங்கள்.

கொள்ளளவி என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குக் கொள்ளளவி என்ற சொல் நினைவிருக்கும். கடையில் கப்பாசிற்றர் என்போம். மதர்போட்டில் சின்னத் தகர டப்பா மாதிரி நிமிர்ந்து நிற்பவை அவைதான். செயலிக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்கும்.

அவற்றின் வேலை இதுதான். பவர் சப்ளையில் இருந்து 12 வோல்ற்று வருகிறது. செயலிக்குத் தேவை ஏறத்தாழ 1 வோல்ற்று, ஒன்றரை வோல்ற்று. மதர்போட் அதைக் குறைத்துக் கொடுக்கும்போது மின்சாரம் அலை அலையாகத்தான் வரும். கிணற்றில் இருந்து விட்டு விட்டு இறைக்கும் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வாய்க்காலுக்கு ஒரே சீராக விடுவது போல, கொள்ளளவிகள் அந்த அலையை அடக்கிச் சீராகக் கொடுக்கின்றன. தொட்டி உடைந்தால் வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு ஓடும். கணனியும் அப்படித்தான் திடீரென்று நிற்கும், தானாகத் திரும்ப ஸ்ராட் ஆகும், நாலைந்து தரம் பொத்தானை அமத்தினால்தான் எழும்பும்.

டப்பாவினுள் இரண்டு அலுமினியத் தாள்கள் சுருட்டப்பட்டு, இடையில் மின்பகுபொருள் என்ற திரவம் ஊறிய கடதாசி இருக்கும். திரவம் காய்ந்துபோனாலும், உள்ளே வாயு உண்டானாலும் கொள்ளளவி பழுது. சூடு கூடக் கூட ஆயுள் குறையும். 105 பாகை செல்சியசில் 2000 மணித்தியாலம் உழைக்கும் என்று போட்டிருந்தால், சூடு 10 பாகை குறையும் ஒவ்வொரு தரமும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 65 பாகையில் அது 32,000 மணித்தியாலம். கணனிக்குள் தூசி அடைந்து விசிறி மெதுவானால் அந்த ஆயுள் வேகமாகக் குறையும்.

உலகம் முழுக்க வந்த பழுது

ஊதிய கொள்ளளவியைப் பார்த்ததும் "யாரோ பிழையாகப் பாவிச்சிட்டினம்" என்று நினைக்க வேண்டாம். 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட மதர்போட்களில் இந்தப் பழுது உலகம் முழுக்க வந்தது. தண்ணீர் கலந்த மின்பகுபொருளில் அலுமினியத்தைப் பாதுகாக்கும் இரசாயனம் சரியாகச் சேர்க்கப்படாத கொள்ளளவிகள் சந்தைக்கு வந்துவிட்டன. உள்ளே ஐதரசன் வாயு உண்டாகி, டப்பா ஊதி, இரண்டொரு வருடத்திலேயே வெடித்தன.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் பழுதான கணனிகளுக்காக 2005 இல் 300 மில்லியன் டொலர் ஒதுக்கியது. 2003 மே முதல் 2005 யூலை வரை அது அனுப்பிய ஏறத்தாழ 1 கோடி 18 இலட்சம் கணனிகள் இந்தப் பழுது வரக்கூடியவை என்பது 2010 இல் வெளியான நீதிமன்ற ஆவணங்களில் தெரியவந்தது. அவற்றில் எத்தனையோ கணனிகள் சில பென்ஸ் பெறுமதியான பாகத்துக்காகக் குப்பைக்குப் போயிருக்கும்.

பிற்காலத்து மதர்போட்களில் திரவம் இல்லாத திண்மக் கொள்ளளவிகள் வந்தன. அவற்றின் தலை தட்டையாக, கீறல் இல்லாமல் இருக்கும். அவை இப்படி ஊதுவது அருமை. உங்கள் மதர்போட்டில் எல்லாமே அந்த வகை என்றால், பிழை வேறு இடத்தில் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கொள்ளளவியின் தலை தட்டையாக இருக்கும். தலையில் சிலுவை போலக் கீறல் இருக்கும். வாயு கூடினால் அந்த இடத்தால் திறக்கட்டும் என்றுதான் அந்தக் கீறல். கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் அது பழுது:

- தலை ஊதி மேடாக இருத்தல்
- கீறல் வழியாக மண்ணிறமான பொருக்குக் கசிந்திருத்தல்
- அடியில் உள்ள றப்பர் வெளியே தள்ளி, டப்பா ஒருபக்கம் சரிந்து நிற்றல்
- அடியைச் சுற்றி மதர்போட்டில் ஈரமோ கறையோ இருத்தல்

நடுவில் செலோரேப் மாதிரிக் காய்ந்த பசை இருந்தால் பயப்பட வேண்டாம். ஆடாமல் இருக்க ஆலையில் ஒட்டிய பசையாக இருக்கலாம்.

நாலு ஊதியிருந்து அதே வகையில் இன்னும் இரண்டு நன்றாக நின்றால், ஆறையும் மாற்றுவதுதான் புத்தி. ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

திருத்துவது பிரயோசனமா?

மாற்ற வெளிக்கிட முன் இதை யோசியுங்கள். 2005க்கு முந்திய கணனியைத் திருத்தினாலும் இன்றைய இணையத்தளங்களைத் திறக்க அது பெரிதாக உதவாது. கை பழக அது நல்ல பலகை, அவ்வளவுதான். 2007க்குப் பின் வந்த, இரட்டைச் செயலி உள்ள, 4 கிகாபைற் றாம் போடக்கூடிய கணனி என்றால் எழுத, படிக்க, மின்னஞ்சல் பார்க்க இன்னும் உதவும். செயலிக்குப் பக்கத்தில் பலகை கருகியிருந்தால் விட்டுவிடுங்கள். கொள்ளளவியை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

என்ன சாமான் வேண்டும்?

கொள்ளளவியின் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாலு விசயம் முக்கியம்.

கொள்ளளவு: 1000, 1500, 3300 என்று ஓர் எண்ணும் மைக்குறோ பரட் என்ற குறியும் இருக்கும். அதே எண்ணை வாங்குங்கள்.

வோல்ற்று: 6.3, 10, 16 என்று இருக்கும். அதே அளவு அல்லது அதற்குக் கூட. ஒருபோதும் குறைந்ததைப் போடாதேங்கோ. 6.3 இருந்த இடத்தில் 10 போடலாம், இடத்துக்குக் கொள்ளுமானால்.

வெப்பநிலை: 105 பாகை. 85 பாகை என்று எழுதியதை வாங்க வேண்டாம்.

அளவு: அடிமட்டத்தால் விட்டத்தையும் உயரத்தையும் அளவுங்கள். 8 மில்லிமீற்றர் விட்டம் என்றால் கால்களுக்கு இடையில் 3.5 மில்லிமீற்றர் இருக்கும். 10 மில்லிமீற்றர் விட்டம் என்றால் 5 மில்லிமீற்றர்.

இன்னொன்று: மதர்போட்டுக்கு உள்தடை குறைந்த வகைதான் வேண்டும். ரேடியோவுக்கு வாங்கும் சாதாரண வகை சரிவராது. அளவு ஒன்றாக இருந்தாலும் சூடாகிச் சில வாரத்தில் போய்விடும். நிச்சிக்கொன், றூபிக்கொன், பனசோனிக், நிப்பொன் கெமிக்கொன் போன்ற யப்பான் நிறுவனங்களின் சாமானைப் பெயர்பெற்ற மின்னணுச் சாமான் விற்பனையாளரிடம் வாங்குங்கள். தெரியாத ஆட்கள் இணையத்தில் மிக மலிவாக விற்பவற்றில் போலியும் கலந்திருக்கும். ஒன்று சில பத்துப் பென்ஸ்தான். தபால் செலவுதான் கூட வரும். ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள்.

சோல்டறிங் அயன், சோல்டர் ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்பு, பிளக்ஸ் பசை, கண்ணாடி, மல்ரிமீற்றர் ஆகியவையும் தேவை. இவற்றை வாங்க வேண்டாம். கீழே சொல்லும் திருத்தக் கூட்டங்களில் இரவலாகப் பாவிக்கலாம்.

மாற்றும் முறை

1. பிளக்கைச் சுவரில் இருந்து கழட்டுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடி அமத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கும். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள். கம்பளிச் சுவெற்றரோடு வேலை செய்ய வேண்டாம்.

2. கழட்ட முன் போனில் படம் எடுங்கள். இது மிக முக்கியம். கொள்ளளவியின் பக்கத்தில் உள்ள பட்டை மறைமுனை. எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று படத்தில் தெரிய வேண்டும். மதர்போட்டில் அச்சிட்ட வெள்ளை அரைவட்டத்தை மட்டும் நம்பாதேங்கோ. சில நிறுவனங்கள் அதை மறைமுனைக்குப் போடும், சில நேர்முனைக்குப் போடும்.

3. மதர்போட்டைப் பெட்டியில் இருந்து வெளியே எடுங்கள். ஸ்குறூக்களை ஒரு கோப்பையில் போடுங்கள்.

4. பின்பக்கத்தில் பழைய கொள்ளளவியின் இரண்டு காலிலும் புது ஈயம் கொஞ்சம் சேருங்கள். 2006 யூலை 1 முதல் ஐரோப்பாவில் விற்ற கணனிகளில் ஈயமில்லாத சோல்டர்தான் இருக்கும். அது ஏறத்தாழ 217 பாகையில்தான் உருகும். ஈயம் கலந்த பழைய வகை 183 பாகையை அண்டி உருகும். இரண்டும் கலந்தால் கழட்டுவது சுகம்.

5. ஒரு காலைச் சூடாக்கி டப்பாவை மெல்லச் சரியுங்கள். பிறகு மற்றக் கால். மாறி மாறி ஆட்டி எடுங்கள். பலம் போட்டு இழுக்காதேங்கோ. துளையின் உள்ளே மெல்லிய செப்புக் குழாய் இருக்கிறது. அது பிடுங்கி வந்தால் பலகை போச்சு. மறைமுனைக் கால் பெரிய செப்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுமை வேண்டும். சின்ன 25 வாற்று அயனால் இது நடக்காது. 60 வாற்று, சூடு கட்டுப்படுத்தக்கூடிய அயன் வேண்டும்.

6. துளையைச் சூடாக்கி, உருகிய ஈயத்தைப் பம்பால் உறிஞ்சுங்கள். மிச்சம் இருந்தால் பல்லுக் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். துறப்பணம் போட்டுத் துளைக்க வேண்டாம்.

7. புதியதைப் போடுங்கள். நீளமான கால் நேர்முனை, பட்டை உள்ள பக்கம் மறைமுனை. படத்தோடு ஒப்பிடுங்கள். ஈயம் துளைக்குள் இறங்கி மினுங்கும் வரை சூடாக்குங்கள். மிஞ்சிய காலை வெட்டுங்கள்.

8. ஈயத் துளி எங்காவது இரண்டு புள்ளியைச் சேர்த்துக்கொண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். இன்னொருவரைக் கொண்டு முனைகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. செயலி, அதன் விசிறி, ஒரு றாம், திரை இவ்வளவையும் மட்டும் மாட்டி மின்சாரம் கொடுங்கள். முதல் தரம் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. முனை மாறிப் போட்ட கொள்ளளவி வெடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஈயம் நஞ்சு, கசிந்த திரவமும் தோலுக்குக் கூடாது. சாப்பாட்டு மேசையில் செய்ய வேண்டாம்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதேங்கோ. இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அந்தப் பெட்டிக்குள் உள்ள பெரிய கொள்ளளவியில் 325 வோல்ற்று அளவில் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழட்டிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். ஊரில் ரிவி திருத்தியவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் உயிரோடு விளையாட வேண்டாம்.

தங்குமிட அறையில் சோல்டர் பண்ணாதேங்கோ. ஹொட்டேலோ பலர் சேர்ந்து இருக்கும் வீடோ, புகை உணர்கருவி எல்லா இடத்திலும் இருக்கும். புகை போனால் மணி அடிக்கும், தீயணைப்புப் படை வரும், தங்குமிட நிர்வாகம் உங்கள் பெயரில் அறிக்கை எழுதும். படுக்கையில் சூடான அயன் விழுந்தால் அதைவிட மோசம். ஒரு கணனிக்காக இருக்கும் கூரையை இழக்க வேண்டாம்.

மடிக்கணனியின் பற்றறி ஊதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மதர்போட் கொள்ளளவி ஊதுவதும் லிதியம் பற்றறி ஊதுவதும் ஒன்றல்ல. பற்றறி தீப்பிடிக்கும்.

காசு வாங்கித் திருத்தலாமா?

இப்போது அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். அவர் கெட்டிக்காரன் என்ற கதை பரவி, ஹை றோட்டில் ஒரு கடைக்காரர் "என்ர கடைக் கணனியையும் பார், 30 பவுண் தாறன்" என்று கேட்டிருக்கிறார். "அண்ணை, இது வேலையோ, உதவியோ?"

இது வேலை. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்களுக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் ஏ.ஆர்.சி. அட்டையையும் ஹோம் ஒபிஸ் தந்த நிபந்தனைக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். காசுக்குப் பதிலாக அரிசி மூட்டை, போன் காட், சாப்பாடு தந்தாலும் அது கூலிதான். கடைக்கோ வேறு வியாபாரத்துக்கோ சும்மா செய்து கொடுப்பதும் வேலையாகக் கணிக்கப்படலாம். 2016 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அனுமதியில்லாமல் வேலை செய்வதைத் தனிக் குற்றமாக்கியது. உழைத்த காசைப் பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு. வேலை கொடுத்தவருக்கும் 2024 பெப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம் வரலாம், திரும்பச் செய்தால் 60,000 வரை. கடைக்காரர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். இந்த எண்ணைச் சொன்னால் அவருக்கே விளங்கும். 30 பவுணுக்காக உங்கள் கோரிக்கையின் நம்பகத்தன்மையை விற்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

உங்கள் சொந்தக் கணனியைத் திருத்தலாம். அறையில் கூட இருக்கும் நண்பருக்குக் காசு வாங்காமல் உதவலாம்.

பதிவுசெய்த தொண்டு நிறுவனங்களில் தொண்டராகச் சேரலாம். அங்கே பஸ் காசு, மதியச் சாப்பாட்டுச் செலவு போன்ற உண்மையான செலவைத் திருப்பித் தருவார்கள். அதற்கு மேல் ஒன்றும் வாங்கக்கூடாது. பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கோரிக்கை போட்டு 12 மாதத்துக்கு மேலாகியும் முதல் முடிவு வரவில்லை, தாமதத்துக்கு நீங்கள் காரணமும் இல்லை என்றால், வேலை அனுமதி கேட்டு ஹோம் ஒபிஸுக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தாலும் குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு மட்டும்தான். சொந்தமாகத் திருத்தும் தொழில் நடத்த அதில் இடமில்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எதையும் தொடங்க முன் உங்கள் சொலிசிற்றரிடம் கேளுங்கள்.

எங்கே போய்த் திருத்துவது?

லண்டனில் பல இடங்களில் இலவசத் திருத்தக் கூட்டங்கள் நடக்கின்றன. 2009 இல் அம்ஸ்ரடாமில் தொடங்கிய றிப்பெயர் கபே என்ற முறை இங்கும் பரவியிருக்கிறது. லண்டனில் 2012 இல் தொடங்கிய றீஸ்ரார்ட் புறொஜெக்ற் என்ற தொண்டு நிறுவனமும் இப்படியான கூட்டங்களை ஊக்குவிக்கிறது. பழுதான சாமானோடு போனால், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சேர்ந்து திருத்துவார். ஆயுதங்கள் அங்கேயே இருக்கும். யாரும் உங்கள் விசா நிலையைக் கேட்கப் போவதில்லை. ஆங்கிலம் பேசிப் பழகவும் நல்ல இடம். உங்களுக்கு வேலை தெரிந்தால், அங்கே தொண்டராகச் சேர முடியுமா என்றும் கேட்கலாம். கூட்டம் நடக்கும் இடமும் நாளும் தேட, இல்போட் கிளெமன்ற்ஸ் றோட்டில் உள்ள றெட்பிறிட்ஜ் மத்திய நூலகத்துக் கணனியைப் பாவிக்கலாம்.

பழைய கணனி எடுக்கும்போதும் கவனம். கொடுத்தவர் யார் என்று தெரிந்த சாமானை மட்டும் எடுங்கள். கட்டட வாசலில் உள்ள குப்பைத் தொட்டியில் இருந்தோ, கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் இருந்தோ கேட்காமல் எடுப்பது இந்த நாட்டில் களவாகக் கணிக்கப்படலாம். "குப்பைதானே" என்ற நியாயம் பொலிசில் எடுபடாது.

திருந்தாத கணனியை நடைபாதையில் வைத்துவிட்டு வராதேங்கோ. அதற்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. றெட்பிறிட்ஜில் இருப்பவர்களுக்கு சிக்வெல் றோட்டில் மீள்பாவனை, மீள்சுழற்சி நிலையம் இருக்கிறது. போக முன் என்ன அடையாளம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கணனி எழும்பிய பிறகு

ஹாட் டிஸ்க்கில் முந்தியவரின் படங்களும் வங்கிக் கடிதங்களும் கிடக்கும். பார்க்காமல் முழுவதையும் அழியுங்கள். பிறகு புதிதாக இயங்குதளம் போடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்பிரலில் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. பழைய கணனிக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் நல்லது. அதற்கு 2 கிகாபைற் றாம் ஆவது வேண்டும், 4 இருந்தால் நல்லது. தமிழில் எழுதவும் அதில் வசதி உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் நேர்முகப் பதிவு, மருத்துவ அறிக்கை, ஊரில் இருந்து வந்த கடிதங்கள், சொலிசிற்றரின் கடிதங்கள் எதையும் திருத்திய கணனியில் மட்டும் வைக்காதேங்கோ. நாலு கொள்ளளவியை மாற்றினீர்கள். ஐந்தாவது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூலப் பத்திரம் ஒரு கோப்பில் இருக்கட்டும், ஒரு பிரதி சொலிசிற்றரிடம் இருக்கட்டும், இன்னொரு பிரதி கடவுச்சொல் போட்ட உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

அந்தத் தம்பியின் கணனி இப்போது ஓடுகிறது. ஒரு திருத்தக் கூட்டத்துக்குப் போய் ஆறு கொள்ளளவியையும் மாற்றினார். செலவு தபாலோடு பத்துப் பவுணுக்குள். கடைக்காரருக்கு நிலைமையைச் சொல்லி, காசு வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று விட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரை வரச்சொல்லி இருக்கிறார்கள், இந்த முறை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க.

உங்கள் கணனியைத் தொட முன் சந்தேகம் இருந்தால், அல்லது யாராவது காசு தந்து வேலை கேட்டால், ஆலோசனை நேரத்தில் வந்து கதையுங்கள். வரும்போது ஏ.ஆர்.சி. அட்டையையும் ஹோம் ஒபிஸ் கடிதத்தையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். நீங்கள் சொல்வது எங்களோடு இருக்கும்.